பக்கக் கோப்பு: எழுத்தை மாற்றுவதும் வட்டை மாற்றுவதும்

உதிரி பாகங்களை வாங்கிக் கடையில் பொருத்தித் தரப்பட்ட மேசைக் கணினிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு சி, டி, இ என்ற மூன்று டிரைவ்களும் பழகியவை. இருந்ததென்னவோ ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான். அதை மூன்றாகப் பிரித்து, சி-யில் விண்டோஸ், டி-யில் வேலைக்கான கோப்புகள், இ-யில் பாடல்களும் படங்களும் என்று வைத்துக் கொடுப்பது பல கடைகளின் வழக்கம். அந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு ஓர் அறிவுரையும் பரவியது: கணினி மந்தமாக இருந்தால், வேலை நினைவகமான ரேம் போதாதபோது வட்டில் ஈடுகட்டும் மெய்நிகர் நினைவகத்துக்கான கோப்பை சி-யிலிருந்து எடுத்து டி-யில் வைத்துவிடுங்கள், வேகம் கூடிவிடும். இந்த அறிவுரையின் மூலம் பொய்யல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதையொட்டிய ஆலோசனையை வெளியிட்டிருந்தது. ஆனால் அதில் வலியுறுத்தப்பட்டது வேறொரு வட்டு, அதாவது தனியான இன்னொரு ஹார்ட் டிஸ்க். கைமாறி, வாய்மாறி வந்து சேர்ந்தபோது அது வேறோர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல: வட்டை மாற்றினால் அன்றைய கணினிகளில் வேகம் கூடியது, எழுத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் குறைந்தது.

மெய்நிகர் நினைவகம் என்ற ஏற்பாடு விண்டோஸுக்கு வெகுகாலம் முந்தையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962 இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினியில், வேகமான காந்த வளைய நினைவகத்தில் சுமார் 16 ஆயிரம் சொற்களுக்கும், சுழலும் காந்த உருளையில் சுமார் 96 ஆயிரம் சொற்களுக்கும் இடம் இருந்தது; இங்கே சொல் என்பது 48 பிட் கொண்ட ஓர் அலகு. இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்து, வேண்டிய பக்கத்தை உருளையிலிருந்து எடுத்து வருவதையும் வேண்டாததைத் திருப்பி அனுப்புவதையும் கணினியே பார்த்துக்கொண்டதால், நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு அவை ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தன. 1985-இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலி இந்த வசதியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு பக்கத்தின் அளவாக வைக்கப்பட்ட 4 கிலோபைட் இன்றைய விண்டோஸ் கணினிகளிலும் அப்படியே தொடர்கிறது. உருளையின் இடத்தைத்தான் இப்போது ஒரு கோப்பு பிடித்திருக்கிறது. விண்டோஸில் அதன் பெயர் பேஜ்ஃபைல்.சிஸ், சி டிரைவைத் திறந்ததும் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும் அதைப் பக்கக் கோப்பு என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன்னால் அதில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. ரேம் நிறைந்தவுடன் அதில் இருப்பதெல்லாம் பக்கக் கோப்பில் கொட்டப்படுகிறது என்பது பரவலான எண்ணம். ஒரு நிரலின் கட்டளைகள் அடங்கிய பக்கங்கள் பொதுவாக அங்கே போவதே இல்லை. அவற்றின் மூலப்பிரதி அந்நிரலின் இஎக்ஸ்இ கோப்பிலும் டிஎல்எல் கோப்புகளிலும் ஏற்கெனவே வட்டில் இருப்பதால், இடம் தேவைப்படும்போது விண்டோஸ் அவற்றை ரேமிலிருந்து கைவிட்டுவிட்டு, மறுபடி வேண்டியபோது அதே கோப்புகளிலிருந்து படித்துக்கொள்கிறது. பக்கக் கோப்புக்குப் போவது வேறெங்கும் நகல் இல்லாத தரவு, அதாவது நிரல் ஓடும்போது ரேமிலேயே பிறந்த தரவு: தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத கடிதம், உலாவித் தாவலில் நான்கு மணி நேரமாகத் திறந்து கிடக்கும் பக்கத்தின் உள்ளடக்கம், படத் திருத்தியில் பாதி வேலை முடிந்த நிழற்படம்.

அதுவும் உடனடியாகப் போவதில்லை. ஒரு நிரலிடமிருந்து எடுக்கப்பட்ட பக்கம் முதலில் ரேமிலேயே ஒரு பட்டியலில் காத்திருக்கிறது; பின்னணியில் ஓடும் ஒரு பணி அத்தகைய பக்கங்களைத் திரட்டி, பெரிய கட்டுகளாகப் பக்கக் கோப்பில் எழுதுகிறது. எழுதிய பிறகும், அந்த இடம் வேறொன்றுக்குத் தேவைப்படும்வரை நகல் ரேமில் இருக்கும். இடையில் நிரல் அதைக் கேட்டால் வட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடலாம். விண்டோஸ் 10 வெளிவந்த 2015-இல் இன்னொரு படியும் சேர்ந்தது: பக்கங்களை வட்டுக்கு அனுப்புவதற்கு முன் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது. ஆகவே எழுதும் வேலைக்காகப் பயனர் காத்திருப்பது அபூர்வம். காத்திருப்பதெல்லாம் படிக்கும்போதுதான். கேட்ட பக்கம் ரேமில் இல்லையென்றால், அது வந்து சேரும்வரை நிரலின் அந்த இழை, அதாவது அந்த வேலைத் தொடர், ஓரடி எடுத்து வைக்க முடியாது. எங்கே வைப்பது என்ற கேள்விக்கான அளவுகோலும் இதுவே: சிறு சிறு பக்கங்களை, முன்னறிவிப்பில்லாத வரிசையில், எந்த வட்டு மிகக் குறைந்த தாமதத்தில் எடுத்துத் தரும்? பெட்டியில் அச்சிட்டிருக்கும் வினாடிக்கு இத்தனை மெகாபைட் என்ற எண்ணுக்கு இதில் வேலை குறைவு.

அந்தத் தாமதங்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்கச் சுமார் 100 நானோநொடி ஆகிறது. சுழலும் தட்டுக்குப் பதில் நினைவுச் சில்லுகளால் ஆன வட்டான எஸ்எஸ்டி-யிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க, சாதாரண ரகங்களில், சுமார் 100 மைக்ரோநொடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ரேமின் நேரத்தை ஒரு நொடி என்று பெருக்கிக்கொண்டால், எஸ்எஸ்டி-க்குப் பதினேழு நிமிடமும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளும் மேற்கொண்டு நான்கு மணி நேரமும் வரும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வருவதற்கும் வெளியூர் போய் இரவு தங்கித் திரும்புவதற்கும் உள்ள தொலைவு அது.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதிக்கிறது என்பதில்தான் பழைய அறிவுரையின் உயிர் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். மேசைக் கணினி வட்டுகளில் இதற்குச் சராசரியாக 8 அல்லது 9 மில்லிநொடி பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 12 மில்லிநொடி. நொடிக்கு எண்பது பக்கங்கள். கிலோபைட்டில் சொன்னால் வெறும் 320. அதே வட்டு ஒரு திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சரிவு புரியும். சிதறிக் கிடக்கும் 10 ஆயிரம் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டிவந்தால் இரண்டு நிமிடம் போய்விடும். அவற்றின் மொத்த அளவோ 40 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. காலையில் சிறிதாக்கி வைத்த சாளரத்தை மாலையில் திறக்கும்போது வட்டு கடகடவென்று ஒலித்துக்கொண்டே இருந்ததை அனுபவித்தவர்கள் இந்தக் கணக்கைக் காதால் கேட்டவர்கள்.

இனி சி, டி விஷயத்துக்கு வருவோம். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எத்தனை தட்டுகள் இருந்தாலும் முனைகள் எல்லாம் ஒரே கையில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று நகர்ந்தால் எல்லாம் நகரும். முதலாவது பிரிவான சி, வழக்கமாகத் தட்டின் வெளி ஓரத்தில் தொடங்குகிறது. டி அதற்கு உள்ளே இருக்கிறது. பக்கக் கோப்பை டி-க்கு மாற்றிய பிறகு என்ன நடக்கிறது? ரேம் போதாத நேரத்தில் கணினி ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: கைவிட்ட கட்டளைப் பக்கங்களை சி-யில் உள்ள நிரல் கோப்புகளிலிருந்து மறுபடி படிக்கிறது, தரவுப் பக்கங்களைப் பக்கக் கோப்பிலிருந்து படிக்கிறது. இரண்டும் சி-யில் அருகருகே இருந்தவரை கைக்குக் குறுகிய நகர்வுகள் போதும். இப்போதோ ஒவ்வொரு முறையும் அது ஒரு பிரிவிலிருந்து மற்றதுக்குத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவரின் நிலைதான் அந்தக் கைக்கு. வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேகத்தைத் தின்பது இப்படித்தான்.

தனிப் பிரிவில் வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கக் கோப்பு வேண்டியபோது வளரவும் பிறகு சுருங்கவும் விடப்பட்டால், மற்ற கோப்புகளுக்கு இடையே துண்டு துண்டாகச் சிதற வாய்ப்புண்டு. வேறெதுவும் இல்லாத பிரிவில் அது ஒரே தொடராக இருக்கும். ஆனால் இந்த நன்மைக்காக டி-க்குப் போக வேண்டியதில்லை. சி-யிலேயே, வட்டு காலியாக இருக்கும் தொடக்க நாளில், குறைந்தபட்ச அளவையும் அதிகபட்ச அளவையும் ஒரே எண்ணாகக் கொடுத்துவிட்டால் கோப்பு வளரவும் செய்யாது, சிதறவும் செய்யாது. ஏற்கெனவே சிதறிவிட்ட கோப்பைச் சேர்ப்பதற்கென்றே சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பில் பேஜ்டிஃப்ராக் என்ற சிறு கருவி அந்நாளில் கிடைத்தது. வெளி ஓரத் தடங்களில் அதிகத் தரவு அடங்குவதால் அங்கே படிக்கும் வேகம் கூடுதல் என்ற வாதமும் அடிக்கடி எழுப்பப்படும். அது உண்மைதான், ஆனால் அது தொடர்ச்சியான வாசிப்புக்குப் பொருந்தும் உண்மை. நான்கு கிலோபைட்டுக்காகப் பன்னிரண்டு மில்லிநொடி அலையும் கைக்கு, போய்ச் சேர்ந்த பின் தரவு சற்று விரைவாக வருவதால் பெரிய லாபமில்லை.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க் என்பது வேறு கதை. அதற்குத் தனித் தட்டு, தனிக் கை, தனி வரிசை. முதல் வட்டின் கை நிரல் கோப்புகளில் உழன்றுகொண்டிருக்கும்போதே இரண்டாவது வட்டின் கை பக்கக் கோப்பின் மேல் நின்று வேலை செய்யலாம். மைக்ரோசாஃப்டின் பழைய ஆலோசனை சொன்னது இதைத்தான். ஆனால் அதிலும் நுணுக்கங்கள் இருந்தன. தட்டையான பட்டைக் கம்பியில் இரண்டு வட்டுகளை முதன்மை, துணை என்று மாட்டிய ஐடிஇ காலத்தில், ஒரே கம்பியில் உள்ள இரண்டும் அந்த வழியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் பலன் பாதியில் நின்றது. பக்கக் கோப்பு வட்டை வேறு கம்பியில் மாட்டியவருக்கே முழுப் பலன் கிடைத்தது. வட்டுக்கு ஒரு கம்பி என்றான சாட்டா அந்தக் கவலையைத் தீர்த்தது. பழைய கணினியிலிருந்து கழற்றிய, நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் வட்டை இரண்டாவதாக மாட்டி அதில் பக்கக் கோப்பை வைத்தவர்கள் முதல் வட்டின் சுமையைக் குறைத்து, காத்திருப்பை நீட்டித்துக்கொண்டார்கள். மின்சிக்கன அமைப்பில் அந்த வட்டின் சுழற்சி நின்றிருந்தால், அது மறுபடி வேகமெடுக்கும் சில நொடிகளுக்குத் திரையே உறைந்து நிற்கும். போட்டோஷாப் போன்ற மென்பொருளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தற்காலிக வேலைக்கென்று அது தானே ஒரு பெரிய கோப்பை வட்டில் வைத்துக்கொள்வதால், அதையும் பக்கக் கோப்பையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் சண்டை அங்கே தொடங்கும்.

எஸ்எஸ்டி வந்தபோது இந்தக் கணக்கின் அடித்தளமே பெயர்ந்துவிட்டது. அதில் நகரும் கையும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. சி-யில் உள்ள ஒரு பக்கத்துக்கும் டி-யில் உள்ள ஒரு பக்கத்துக்கும் இடையே தொலைவு என்ற ஒன்றே இல்லை. ஒரே எஸ்எஸ்டி-யை எத்தனை பிரிவாகப் பிரித்தாலும் பக்கக் கோப்பு எதில் இருந்தாலும் வேகம் ஒன்றுதான். பிரிவுகள் என்பவை அங்கே நம் வசதிக்கான பெயர்ப்பலகைகள் மட்டுமே. கோப்பு சிதறுகிறது என்ற கவலையும் இதே காரணத்தால் பெரும்பாலும் பொருளற்றுப் போனது.

பதிலாக ஒரு புதிய அச்சம் வந்தது. எஸ்எஸ்டி-யின் நினைவுக் கலங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுத முடியாது. பக்கக் கோப்பு ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே அதை எஸ்எஸ்டி-யிலிருந்து அகற்றி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட வேண்டும் என்பது அந்த வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இது, இந்த விஷயத்தில் இன்று உலவும் அறிவுரைகளிலேயே அதிகக் கெடுதல் செய்வது என்பது என் கருத்து. 2009-இல் விண்டோஸ் 7-ஐ உருவாக்கிய குழுவினர், பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட விவரம் இதற்கு நேரான பதில். பக்கக் கோப்பில் படிக்கும் முறைகளுக்கும் எழுதும் முறைகளுக்கும் உள்ள விகிதம் சுமார் 40-க்கு 1 என்று அவர்கள் கண்டார்கள். வாசிப்புகளில் 67 விழுக்காடு 4 கிலோபைட்டும் அதற்குக் கீழும். எழுதுதல்களில் 62 விழுக்காடு 128 கிலோபைட்டும் அதற்கு மேலும். சிறு சிறு வாசிப்புகள், பெரிய தொடர்ச்சியான எழுதுதல்கள்: எஸ்எஸ்டி-க்கு எது சுலபமோ அதுவேதான் பக்கக் கோப்பின் இயல்பு. பக்கக் கோப்பைவிட எஸ்எஸ்டி-க்குப் பொருத்தமான கோப்புகள் மிகச் சிலவே என்பது அவர்கள் எட்டிய முடிவு.

தேய்மானக் கணக்கையும் கையோடு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி-க்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்பது சந்தையில் சாதாரணமாகக் காணப்படும் எண். பக்கக் கோப்பில் மட்டும் நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதப்படுவதாக வைத்துக்கொண்டாலும், வீட்டுக் கணினிக்கு அது மிகத் தாராளமான கணக்கு, அந்த எல்லையைத் தொட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நூறு மடங்கு காத்திருப்பது, செருப்பு தேய்ந்துவிடும் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடப்பதற்கு ஒப்பானது. எஸ்எஸ்டி சிறியது, 120 கிகாபைட்தான், இடம் போதவில்லை என்பது மட்டும் வேறு விதமான, உண்மையான குறை. அதற்கும் முதல் வழி கோப்பை நகர்த்துவதல்ல. நெடுந்துயில் (ஹைபர்நேட்) வசதியைப் பயன்படுத்தாதவர் அதை நிறுத்தினால், அதற்காக ரேமின் கணிசமான பங்கு அளவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பு மறைந்து இடம் கிடைக்கும். இடம் மாற்ற முடியாத கோப்பு அது, ஆகவே நீக்குவதே வழி. அதன் பின்னும் போதவில்லையென்றால் பக்கக் கோப்பின் அளவைக் குறைக்கலாம்.

ஆக, எஸ்எஸ்டி ஒன்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் உள்ள இன்றைய கணினியில், பக்கக் கோப்பு எஸ்எஸ்டி-யில் இருக்க வேண்டும். விண்டோஸும் அங்கேயே இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிறுவும்போது அது எங்கே வைக்கப்பட்டதோ அந்த இடமே பெரும்பாலும் சரியான இடம். எஸ்எஸ்டி-யில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பக்கக் கோப்புகளை வைக்கவும் விண்டோஸ் அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் எதில் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லாததால், அவசரத்தில் வேண்டிய பக்கம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் நிலை வரலாம். ஒரே வேகமுள்ள இரண்டு எஸ்எஸ்டி-கள் இருந்தால் பரபரப்புக் குறைந்ததில் வைப்பதில் தவறில்லை, ஆனால் வேறுபாட்டைக் கடிகாரத்தில் காண்பது கடினம்.

வேகத்தோடு தொடர்பில்லாத இரண்டு காரணங்களும் இந்தத் தீர்மானத்தில் நுழைகின்றன. நீலத் திரையோடு விண்டோஸ் நிலைகுலையும்போது, அந்நேரத்து நினைவகத்தின் நகலை அது பிற்கால ஆய்வுக்காக வட்டில் எழுதிவைக்கிறது. நிலைகுலைந்த கணினியில் கோப்பு முறைமையை நம்பிப் புதிய கோப்பைத் திறக்க முடியாது என்பதால், விண்டோஸ் இருக்கும் டிரைவில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் பக்கக் கோப்பின் மீதே நகல் நேரடியாக எழுதப்பட்டு, அடுத்த முறை கணினி எழும்போது தனிக் கோப்பாக மாற்றப்படுகிறது. பக்கக் கோப்பை முழுவதுமாக வேறு வட்டுக்கு அனுப்பியவர், தனி ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால், அந்தச் சாட்சியத்தை இழக்கிறார். வீட்டுப் பயனருக்கு இது பெரிதாகப் படாது. சர்வரைப் பராமரிப்பவருக்குப் படும். அடுத்தது மறைகாப்பு. பக்கக் கோப்பில் இருப்பது ரேமில் இருந்ததன் நகல், அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், வாடிக்கையாளரின் கணக்கு விவரமும் இருக்கலாம். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்ட சி-யிலிருந்து பூட்டப்படாத டி-க்கு அதை மாற்றுவது, பெட்டகத்தைப் பூட்டிவிட்டுச் சாவியையும் பாதி நகையையும் திண்ணையில் வைப்பதாகும்.

பக்கக் கோப்பே வேண்டாம், ரேம் 16 கிகாபைட் இருக்கிறதே என்று அதை நீக்கிவிடுபவர்களும் உண்டு. விண்டோஸ் ஒரு நிரலுக்கு நினைவகம் தருவதாக வாக்குக் கொடுக்கும்போது, ரேமும் பக்கக் கோப்புகளும் சேர்ந்த மொத்தத்துக்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. நிரல்களோ தாங்கள் உண்மையில் தொடப்போவதைவிட அதிகமாகக் கேட்டு வைப்பவை. பக்கக் கோப்பு இல்லாதபோது அந்த வெற்று வாக்குறுதிகளுக்கும் ரேமிலேயே கணக்கு எழுத வேண்டியிருப்பதால், ரேமில் இடம் இருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்து நிரல் மூடிக்கொள்ளக்கூடும். ரேமின் ஒன்றரை மடங்கு என்ற பழைய அளவு விதி ரேம் மெகாபைட்டில் எண்ணப்பட்ட காலத்துக்கு உரியது. இன்று விண்டோஸே அளவைத் தீர்மானிக்கட்டும் என்று விடுவதே நல்லது. ரேமில் ஒரு பகுதியை வட்டு போல ஆக்கி அதில் பக்கக் கோப்பை வைக்கும் விநோதமும் சிலரிடம் உண்டு. ரேமைக் குறைத்து, அதனால் ஏற்படும் குறையை அதே ரேமில் நிரப்புவது அது. 32 பிட் விண்டோஸால் 4 கிகாபைட்டுக்கு மேல் எட்ட முடியாமல் கிடந்த ரேமைச் சில கருவிகள் இப்படிப் பயன்படுத்திக் கொடுத்த ஒரு காலத்தில் மட்டும் அதற்கு அர்த்தம் இருந்தது.

இடம் மாற்றுவது இன்றும் முழுப் பொருளோடு நடக்கும் களம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மேகக் கணினிக்குப் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஷூரில் வாடகைக்கு எடுக்கும் விண்டோஸ் கணினிகளில், சி டிரைவ் என்பது வலையமைப்பின் மறுமுனையில் உள்ள சேமிப்பகம். அதற்கு நொடிக்கு இத்தனை வாசிப்புகள்தான் என்ற வரம்பும் உண்டு. பல ரகங்களில் டி டிரைவாகத் தரப்படுவது, அந்தக் கணினி ஓடும் பௌதீக இயந்திரத்திலேயே உள்ள தற்காலிக வட்டு. இயந்திரம் மாறினால் அதில் உள்ளது அழிந்துவிடும். அந்த எச்சரிக்கையைச் சொல்லும் கோப்பு ஒன்றே அதற்குள் வைக்கப்பட்டிருக்கும். பக்கக் கோப்பு இயல்பாக அந்த டி-யில்தான் வைக்கப்படுகிறது. கணினி நின்றுவிட்டால் பக்கக் கோப்பின் உள்ளடக்கத்துக்கு எப்படியும் மதிப்பில்லை என்பதால் அழிவதில் நஷ்டமில்லை. அருகில் இருப்பதால் தாமதமும் குறைவு, சி-யின் வரம்பும் செலவாவதில்லை. எழுத்து அதே டி தான். காரணம் மட்டும் கடைக்காரர் சொன்னதல்ல.

லினக்ஸில் இதே கோப்புக்கு ஸ்வாப் என்று பெயர். அதற்கெனத் தனிப் பிரிவு வைத்தால்தான் வேகம் என்ற நம்பிக்கை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6 பதிப்போடு ஆதாரமிழந்தது. ஸ்வாப் கோப்பு வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டு கெர்னல் நேரடியாகப் படிப்பதால் இரண்டுக்கும் வேகத்தில் வேறுபாடில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, 17.04 பதிப்பிலிருந்து தனிப் பிரிவுக்குப் பதிலாகக் கோப்பையே இயல்பாக வைக்கத் தொடங்கியது. பல ஸ்வாப்களுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம் என்பது விண்டோஸில் இல்லாத வசதி: வேகமானதற்கு உயர்ந்த எண் கொடுத்தால் அது நிறைந்த பிறகே மெதுவானது தொடப்படும், சம எண் கொடுத்தால் சுமை இரண்டுக்கும் மாறி மாறிப் பகிரப்படும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது கடினமல்ல. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, வட்டுக்கான பகுதியில் நடப்பிலுள்ள வாசிப்புகளின் பட்டியலைப் பார்த்தால் கோப்புப் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் தாமதமும் தெரியும். கணினி மந்தமாகும் தருணத்தில் அந்தப் பட்டியலின் மேல் பகுதியில் பேஜ்ஃபைல்.சிஸ் நின்று, தாமதம் பத்து மில்லிநொடிகளில் இருந்தால், அது இருக்கும் இடம் தவறு. வேகமான வட்டுக்கு அதை மாற்றுவது பலன் தரும். அங்கே அதற்குப் பதிலாக வைரஸ் தடுப்பானோ, தேடல் அட்டவணையோ, பின்னணியில் இறங்கும் இற்றைப்படுத்தலோ இருந்தால் பக்கக் கோப்பின் மேல் பழி போடுவதில் பயனில்லை. வேகமான எஸ்எஸ்டி-யிலேயே இருந்தும் அது ஓயாமல் படிக்கப்பட்டால், அது 1968-இல் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் ஆராய்ந்து விளக்கிய நிலை: நிரல்களுக்கு ஒரே நேரத்தில் வேண்டிய பக்கங்களின் தொகுதி ரேமைவிடப் பெரிதாகிவிட்டதால், கணினி வேலை செய்வதை விட்டுப் பக்கங்களை மாற்றுவதையே வேலையாகக் கொண்டுவிடுகிறது. அதற்கு மருந்து கூடுதல் ரேம், அல்லது குறைவான தாவல்கள். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பக்கக் கோப்பு எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் அளவி ஒன்றும் உண்டு. ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்தும் அந்த எண் இரண்டு, மூன்றைத் தாண்டாத கணினியில், கோப்பு சி-யில் இருந்தாலும் டி-யில் இருந்தாலும் பயனரால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.